பங்குப் பதிவேடும் பரம்பரையும்



1758ஆம் ஆண்டு ஜூலை மாதம். இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர் மாவட்டத்தில் எக்டன் என்றொரு சிற்றூர். அந்த ஊருக்கு ஐம்பத்திரண்டு வயதுக்காரர் ஒருவர் தம் மகனோடு வந்து சேர்ந்தார். மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்று காட்டி ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றிருந்தவர். பென்சில்வேனியாவின் பிரதிநிதியாக லண்டனில் தங்கியிருந்தவர். பெஞ்சமின் ஃபிராங்க்ளின். அவருடைய அப்பா பிறந்த ஊர் எக்டன். அப்பா அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறி எழுபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஊரில் தம் முன்னோர் யார், என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொள்ளவே ஃபிராங்க்ளின் வந்தார்.

ஊர்க்கோயில் குருவும் அவர் மனைவியும் வரவேற்றார்கள். கோயில் பதிவேட்டைத் திறந்து வைத்தார்கள். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு ஃபிராங்க்ளின் குடும்பத்தின் பிறப்பும் திருமணமும் அடக்கமும் அதில் இருந்தன. பிறகு குருவின் மனைவி அவர்களைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். கற்களில் பாசி படிந்து எழுத்தே தெரியவில்லை. அந்த அம்மாள் ஒரு முரட்டுத் தூரிகையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் வரவழைத்தார். ஃபிராங்க்ளினோடு வந்திருந்த பீட்டர் என்பவர் கல்லைத் தேய்த்துக் கழுவ, மகன் வில்லியம் பக்கத்தில் நின்று எழுத்துகளைப் படியெடுத்தார். இதையெல்லாம் ஃபிராங்க்ளினே தம் மனைவிக்கு விவரமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். பீட்டரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இத்தனை தேடியும் கிடைத்தது என்ன? பிரபுவா, படைத் தளபதியா? யாரும் இல்லை. முப்பது ஏக்கர் சொந்த நிலம் வைத்திருந்த கொல்லர்கள். தலைமுறை தலைமுறையாக மூத்த மகன் உலைக்கூடத்தில் உட்காருவான்; இளையவர்கள் வேறு பிழைப்புத் தேடிப் போவார்கள். தாம் ஐந்து தலைமுறையாக இளைய மகனுக்கு இளைய மகனாக வந்த கிளை என்பதையும் ஃபிராங்க்ளின் அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். பெரியப்பா தாமஸ் கொல்லன் மகனாகப் பிறந்து பத்திரம் எழுதுபவராக உயர்ந்தவர். ஊர்க் கோயிலுக்கு மணியோசைப் பொறி அமைய உழைத்தவர். புல்வெளிகள் வெள்ளத்தில் மூழ்காமல் இருக்க வழி கண்டவர். அவருக்கு மந்திரம் தெரியும் என்று ஊரில் சிலர் நம்பினார்களாம். 1771இல் தன் வரலாற்றை எழுதத் தொடங்கியபோது ஃபிராங்க்ளின் இந்தக் கொல்லர்களைத்தான் முதல் பக்கங்களில் வைத்தார். எனக்கு அவர்மேல் உள்ள மதிப்பு இதனால் இன்னும் கூடியது.

இன்று நான் பேச வந்தது அந்தப் பதிவேட்டைப் பற்றித்தான். மன்னர்களின் வம்சாவளி எந்த நாட்டிலும் கிடைக்கும். ஒரு கொல்லனுடைய, ஒரு கூலியாளுடைய, கைம்பெண் ஒருத்தியுடைய பெயரும் நாளும் நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் கிடைக்கின்றன என்றால் அது அரிய செய்தி. இங்கிலாந்தின் கிராமத்துப் பங்குகள் அதைச் சாதித்திருக்கின்றன. அவை எப்படிச் சாதித்தன, எதற்காகச் சாதித்தன என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அந்த ஏடுகளைச் சரியாகப் படிக்க முடியும்.

ஆங்கிலத்தில் பேரிஷ் என்பதை நம் கத்தோலிக்கர் பங்கு என்பார்கள், தென்மாவட்டத்து சி.எஸ்.ஐ. மக்கள் சேகரம் என்பார்கள். அங்கே அது கோயில் எல்லை மட்டுமில்லை. ஏழைக்குப் படியளப்பது, பாதையைச் செப்பனிடுவது, கணக்கு வைப்பது எல்லாமே பங்கின் பொறுப்பு. நம் பழைய கிராம நிர்வாகமும் கோயில் நிர்வாகமும் ஒரே கையில் இருந்தால் எப்படியோ, அப்படி. அத்தகைய பங்குகள் பத்தாயிரத்துக்கு மேல் இருந்தன.

1538 செப்டம்பரில் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஓர் ஆணை பிறப்பித்தார். நூறாண்டு கழித்து மன்னன் தலையை வாங்கிய ஆலிவர் கிராம்வெல் வேறு, இவர் வேறு. ஒவ்வொரு பங்கிலும் ஒரு ஏடு வைக்க வேண்டும். அந்த வாரத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்ததும் கோயில் பொறுப்பாளர்கள் முன்னிலையில் குரு எழுத வேண்டும். ஏட்டை இரண்டு பூட்டுள்ள பெட்டியில் வைத்து, ஒரு சாவியைக் குருவும் மற்றதைப் பொறுப்பாளர்களும் வைத்திருக்க வேண்டும். எழுதத் தவறினால் மூன்று ஷில்லிங் நான்கு பென்ஸ் அபராதம்.

மக்கள் பயந்தார்கள். பிள்ளைக்குப் பெயர் வைக்கவும் பிணத்தைப் புதைக்கவும் வரி போடப் போகிறார்கள் என்று பேச்சுக் கிளம்பியது. அன்று அந்த வரி வரவில்லை. ஆனால் அந்தப் பயம் வீண் போகவில்லை. 1695இலிருந்து சில ஆண்டுகளும், பின்னர் 1783 முதல் 1794 வரையும் இந்தப் பதிவுகள்மேல் உண்மையாகவே வரி வந்தது. 1783இல் ஒரு பதிவுக்கு மூன்று பென்ஸ். பரம ஏழைக்கு விலக்கு. அந்தப் பதினோரு ஆண்டுகளில் பல ஏடுகளில் பெயருக்குப் பக்கத்தில் ஏழை என்ற குறிப்பு நிற்கும். வரிக்குப் பயந்து பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டுவராமலே இருந்து, வரி ஒழிந்த பிறகு கொண்டுவந்த குடும்பங்களும் உண்டு. ஏட்டில் பெயர் எழுதிய எழுத்தர் அரசாங்கத்துக்காக எழுதினார். ஆராய்கிறவர் இதை ஒருபோதும் மறக்கக் கூடாது.

தொடக்கத்தில் மலிவான காகிதத்தில் எழுதினார்கள். ஈரமும் எலியும் சேர்ந்து அவற்றை அழித்தன. 1598இல் எலிசபெத் அரசி ஒப்புதலோடு, பழைய ஏடுகளையெல்லாம் தோலில் படியெடுக்க வேண்டும் என்று உத்தரவானது. தொடக்கத்திலிருந்து எழுதுங்கள், குறிப்பாக அரசி பட்டமேறிய ஆண்டிலிருந்து என்று அதில் ஒரு வரி. கை வலிக்க எழுத விரும்பாத குருமார் அந்தக் 'குறிப்பாக'வைப் பிடித்துக்கொண்டு, முதல் இருபது ஆண்டுகளை விட்டுவிட்டார்கள். அதனால்தான் ஏராளமான பங்குகளின் ஏடு 1538இல் தொடங்காமல் 1558இல் தொடங்குகிறது. இருந்தாலும் அதே உத்தரவு ஒரு பெரிய நன்மையும் செய்தது. ஆண்டுதோறும் பதிவுகளின் நகல் ஒன்றை ஆயருக்கு அனுப்ப வேண்டும் என்றது. ஊரில் மூல ஏடு எரிந்துபோயிருந்தாலும் ஆயர் அலுவலக நகலில் பெயர் கிடைக்கும். இரண்டும் இருந்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் விட்டுப்போனது மற்றதில் இருப்பதுண்டு.

உள்நாட்டுப் போர் 1642இல் வெடித்ததும் பல ஊர்களில் ஏடு நின்றுபோனது. குரு விரட்டப்பட்டிருப்பார், அல்லது எழுத ஆளில்லை. 1653இல் வந்த சட்டம் பதிவு வேலையைக் குருவிடமிருந்து பிடுங்கி, ஊரார் தேர்ந்தெடுத்த ஒருவரிடம் கொடுத்தது. திருமணத்தைக்கூட நீதிபதி முன்னால் செய்துகொள்ளச் சொன்னது. 1660இல் மன்னராட்சி திரும்பியதும் பழைய முறையும் திரும்பியது. ஃபிராங்க்ளினின் அப்பா ஜோசையா பிறந்தது 1657இல், சரியாக இந்தக் குழப்பத்துக்கு நடுவில். இந்த இருபது ஆண்டுப் பள்ளத்தில் விழுந்து காணாமல் போன பரம்பரைகள் பல.

தேதி இன்னொரு தொல்லை. 1752 வரை இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25ஆம் நாள்தான் பிறந்தது. ஆகவே 1700 டிசம்பருக்கு அடுத்து வருவது 1700 ஜனவரி. ஃபிராங்க்ளின் பாஸ்டனில் பிறந்த நாள் அன்றைய கணக்கில் 1705 ஜனவரி 6. நம் கணக்கில் 1706 ஜனவரி 17. நவம்பரில் கல்யாணமும் 'அதே ஆண்டு' பிப்ரவரியில் குழந்தையும் கண்டால், கல்யாணத்துக்கு ஒன்பது மாதம் முன்பே குழந்தை பிறந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். குழந்தை பிறந்தது நவம்பருக்கு அடுத்த பிப்ரவரியில். அப்போதும் கல்யாணத்துக்கும் குழந்தைக்கும் இடையே மூன்றே மாதம்தான் என்பது வேறு செய்தி. மணமகள் கருவுற்ற நிலையில் மணமேடை ஏறுவது அந்தக் கிராமங்களில் அபூர்வமில்லை.

இப்போது, தேடுவது எப்படி என்பதற்கு வருகிறேன். பெரும்பாலோர் செய்யும் தவறு, ஊரில் தங்கள் குடும்பப் பெயருள்ள பழைய மனிதர் ஒருவரைக் கண்டுபிடித்து, அவரிடமிருந்து கீழே இறங்கிவரப் பார்ப்பது. அப்படிப் போனால் விரும்பிய இடத்துக்குத்தான் போய்ச் சேருவோம். தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு ஒவ்வொரு படியாக மேலே ஏற வேண்டும். 1837 ஜூலை முதல் நாளிலிருந்து அரசாங்கமே பிறப்பு, திருமணம், இறப்புகளைப் பதிந்தது. அதற்குப் பக்கத்துணையாகப் பத்தாண்டுக்கு ஒருமுறை குடிக்கணக்கு. 1841ஆம் ஆண்டுக் கணக்கில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைப் பொதுவாக ஐந்தின் மடங்காகக் குறைத்தே எழுதினார்கள். இருபத்தொன்பது வயதுக்காரர் அங்கே இருபத்தைந்து. 1851ஆம் ஆண்டுக் கணக்குதான் பொக்கிஷம். ஒவ்வொருவரும் பிறந்த பங்கு எது என்று அது கேட்டு எழுதியது. 1780இல் பிறந்த ஒரு கிழவர் எழுபத்தோரு வயதில் உயிரோடிருந்து அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தால், நீங்கள் அடுத்துத் திறக்க வேண்டிய ஏடு எது என்று அவரே சொல்லிவிட்டார்.

பங்கு ஏட்டுக்குள் நுழைந்தால், 1813க்குப் பிந்தியவை அச்சிட்ட கட்டங்களில் இருக்கும். ஞானஸ்நானப் பக்கத்தில் பெற்றோர் இருவர் பெயர், வீடு, தந்தையின் தொழில். அடக்கப் பக்கத்தில் வயது. அதற்கு முந்திய ஏடுகளில் குருவுக்கு எவ்வளவு மனம் இருந்ததோ அவ்வளவுதான் செய்தி. 'ஜான், வில்லியம் மகன்' என்பதோடு முடிந்துவிடும். பெற்றவள் பெயர்கூட இருக்காது. விதிவிலக்காக யார்க்ஷயரில் வில்லியம் டேட் என்ற குரு 1770களில் ஒரு முறையைப் புகுத்தினார். குழந்தை எத்தனையாவது பிள்ளை, தாத்தா பாட்டிகள் யார், இறந்தவருக்கு என்ன நோய் எல்லாவற்றையும் எழுதச் செய்தார். மற்ற குருமார் வேலை அதிகம் என்று முணுமுணுத்தார்கள், முறை நீடிக்கவில்லை. உங்கள் தேடல் டேட் ஏடுள்ள ஊரில் போய் முடிந்தால் அது பெரும் பாக்கியம்.

ஒரு பெயரைக் கண்டதும் நம்பிவிடக் கூடாது. ஜான், வில்லியம், தாமஸ் மூன்று பெயர்களுக்குள்ளேயே ஊர் ஆண்களில் பெரும்பகுதி அடங்கிவிடும். அப்பா பெயரையே பிள்ளைக்கு வைப்பார்கள். அண்ணன் தம்பி இருவரும் தங்கள் பிள்ளைகளுக்கு ஒரே பெயரை ஒரே ஆண்டில் வைத்திருப்பார்கள். ஆகவே ஒரு ஞானஸ்நானப் பதிவு கிடைத்தால், அடுத்த வேலை அடக்கப் பக்கங்களைப் புரட்டுவது. அந்தக் குழந்தை இரண்டு வயதில் இறந்திருந்தால், அவன் உங்கள் முன்னோனாக இருக்க முடியாது. இறந்த பிள்ளையின் பெயரையே அடுத்துப் பிறந்த பிள்ளைக்கும் சூட்டுவது அங்கே சாதாரணம். ஒரே தம்பதிக்கு 'மேரி' என்று மூன்று ஞானஸ்நானப் பதிவுகளைக் கண்டால், நடுவில் இரண்டு சிறிய அடக்கங்கள் இருக்கும். அவற்றைத் தேடி எடுக்காதவர் வரலாறு எழுதவில்லை, பட்டியல் போடுகிறார். இணையத்தில் அடுத்தவர் கட்டிவைத்த வம்சமரங்களில் இப்படி இறந்த குழந்தைகளுக்குப் பத்துப் பிள்ளைகள் பிறந்திருப்பதைப் பார்க்கலாம்.

திருமணத்தை மணமகள் ஊரில் தேடுங்கள்; தலைப்பிள்ளையின் ஞானஸ்நானத்தையும் பல சமயம் தாய்வீட்டுப் பங்கில்தான் காண்பீர்கள். இது நமக்குப் புதிதில்லை. 1754 மார்ச்சில் அமலுக்கு வந்த ஹார்ட்விக் பிரபுவின் சட்டம் திருமணப் பதிவையே மாற்றியது. மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும், அல்லது உரிமம் வாங்க வேண்டும். இருவர் சாட்சி வேண்டும். மணமக்கள் கையெழுத்திட வேண்டும். அந்தப் பக்கத்தைப் பார்த்தவர் மறக்க மாட்டார். குருவின் சரளமான எழுத்துக்குக் கீழே, பேனா பிடித்துப் பழகாத கை அழுத்திப் போட்ட ஒரு பெருக்கல் குறி; அதன் இரு பக்கமும் 'இது இன்னாருடைய குறி' என்று வேறொருவர் எழுதிய எழுத்து. தன் வாழ்நாளில் அந்தப் பெண் காகிதத்தில் பதித்த ஒரே தடம் அதுவாக இருக்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் ஆண்களில் ஐந்தில் மூவரும், பெண்களில் பாதிக்கும் குறைவானவர்களும்தான் பெயரெழுதத் தெரிந்தவர்கள் என்பதே இந்தக் குறிகளை எண்ணிக் கண்டதுதான்.

அடுத்துச் சொல்லப்போவது பலரும் கவனிக்காமல் விடுவது. நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்ததும் அதுதான். பங்குப் பெட்டியில் பதிவேடு மட்டும் இல்லை. ஏழைகள் கணக்கும் இருந்தது.

1601ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு பங்கும் தன் ஏழைகளைத் தானே காப்பாற்ற வேண்டும். நிலமுள்ளவர்களிடம் வரி வாங்கி, கண்காணிப்பாளர் என்று ஊர்க்காரர் சிலரை அமர்த்தி, அவர்கள் கையால் பணமும் துணியும் விறகும் கொடுக்க வேண்டும். அப்படியானால் 'தன் ஏழை' யார்? இந்தக் கேள்விக்குப் பதிலாக 1662இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகைக்குக் குறைவான வீட்டில் குடிவந்த எவரையும், ஊருக்குச் சுமையாவார் என்று தோன்றினாலே, நாற்பது நாளுக்குள் புகார் செய்து திருப்பி அனுப்பலாம். ஒரு பங்கில் தொழில் பழகியிருந்தால், மணமாகாதவன் ஓராண்டு முழுவதும் ஒரே எஜமானனிடம் வேலை செய்திருந்தால், அந்த ஊர் அவனுக்குச் சொந்தம். அதனால் பண்ணைக்காரர்கள் ஐம்பத்தொரு வாரத்துக்கு மட்டும் ஆள் அமர்த்தினார்கள். ஒரு வாரம் குறைத்து ஊர்வரியை மிச்சம் பிடித்தார்கள்.

மனைவிக்குக் கணவன் ஊரே ஊர். அவன் இறந்துவிட்டால், கைக்குழந்தைகளோடு இருக்கும் கைம்பெண்ணை, அவள் கண்ணால்கூடப் பார்த்திராத அவன் ஊருக்கு வண்டியேற்றி அனுப்பலாம், அனுப்பினார்கள். மணமாகாமல் கருவுற்ற பெண்ணின் நிலை இன்னும் கொடியது. அவள் பிள்ளைக்குப் பிறந்த ஊரே ஊர் என்பதால், நிறைமாதத்தில் எல்லைக்கு அப்பால் தள்ளிவிடுவார்கள். 1697ஆம் ஆண்டுச் சட்டம் உதவி பெறுகிறவர் வலது தோளில் சிவப்பு அல்லது நீலத் துணியில் பி என்ற எழுத்தையும் பங்கின் முதலெழுத்தையும் தைத்துக்கொள்ள வேண்டும் என்றது. அது 1810 வரை சட்டத்தில் இருந்தது. இதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

ஆனால் அந்தக் கொடுமை எழுதிவைத்த காகிதம் நமக்கு வேண்டும். ஒருவரை வெளியேற்றும் முன் நீதிபதிகள் அவரை நிறுத்தி விசாரித்தார்கள். எங்கே பிறந்தாய், அப்பா யார், எந்த வயதில் யாரிடம் வேலைக்குப் போனாய், எத்தனை மாதம், என்ன கூலி, எந்தக் கோயிலில் கல்யாணம், எத்தனை பிள்ளை, ஒவ்வொன்றுக்கும் என்ன வயது? அவர் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதினார். கீழே அவர் தம் குறியைப் போட்டார். எழுத்தறியாத ஓர் உழவுக்கூலியின் வாழ்க்கை வரலாறு முழுதாக ஒரே தாளில்! பதிவேட்டில் 'தகப்பன் பெயரில்லாத பிள்ளை' என்று நிற்கும் குழந்தைக்கு, பெட்டியில் உள்ள விசாரணைத் தாளில் தகப்பன் பெயர் இருக்கும். செலவை அவன் தலையில் கட்டுவதற்காகப் பங்கு அவனைத் தேடிப்பிடித்திருக்கும். கண்காணிப்பாளர் கணக்கிலோ, ஒரு கிழவிக்கு வாரப்படி, ஒரு பையனுக்குச் செருப்பு, பிரசவம் பார்த்தவளுக்குக் கூலி, கடைசியில் ஒரு சவப்பெட்டி என்று ஒரு வாழ்க்கை பல ஆண்டு வரவு செலவில் சிதறிக் கிடக்கும். வசதியாக வாழ்ந்து யாருக்கும் தொல்லை தராமல் செத்தவரைவிட, ஊர்ப்பணத்தில் பிழைத்தவரைப் பற்றியே நமக்கு அதிகம் தெரிகிறது. உங்கள் தேடலில் முன்னோர் ஏழையாக இருந்தால் மனம் தளராதீர்கள்.

இதையெல்லாம் காகிதத்திலிருந்து கோத்தெடுப்பது எப்படி என்பதற்கு என் ஆசான் ரிச்சர்ட் காஃப். ஷ்ராப்ஷயரில் மிடில் என்ற பங்கைச் சேர்ந்த சிறு நிலக்காரர். 1700இலிருந்து இரண்டு ஆண்டுகளில், அறுபது கடந்த வயதில், தம் பங்கின் குடும்பங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் கண்ட முறை எவருக்கும் தோன்றாதது. கோயிலில் ஒவ்வொரு பண்ணைக்கும் வீட்டுக்கும் உரிய இருக்கை உண்டு. காஃப் இருக்கைகளின் வரைபடத்தைப் போட்டு, வரிசை வரிசையாக நகர்ந்து, இந்த இருக்கை எந்த வீட்டுக்குரியது, அந்த வீட்டில் யார் யார் வாழ்ந்தார்கள் என்று சொல்லிக்கொண்டே போகிறார். முன்வரிசைப் பணக்காரரிலிருந்து பின்னால் உட்காரும் குடிசைவாசி வரை ஒருவரையும் விடவில்லை. குடித்தே சொத்தழித்தவர், மனைவியோடு ஒத்துப்போகாதவர், வழக்காடியே ஓய்ந்தவர் எல்லாரும் வருகிறார்கள். உள்நாட்டுப் போருக்கு அந்தப் பங்கின் மூன்று ஊர்களிலிருந்து மட்டும் இருபது பேர் மன்னர் படைக்குப் போனார்கள், பதின்மூன்று பேர் திரும்பவில்லை என்று சிறு வயதில் கண்டும் கேட்டும் அறிந்ததை எழுதுகிறார். எந்த ஏழையை எந்தப் பங்கு வைத்துக் காப்பாற்றுவது என்று மிடில் மற்ற ஊர்களோடு நடத்திய வழக்குகளுக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார். பதிவேடு சொல்லும் மூன்று நாட்களுக்கு இடையில் ஒரு மனிதன் எப்படி வாழ்ந்தான் என்பதைக் காஃப் தருகிறார். 1974இல் டேவிட் ஹே என்ற வரலாற்றாசிரியர் மற்ற ஆவணங்களோடு பொருத்திக் காஃபின் ஊரை ஆராய்ந்து ஒரு நூலே எழுதினார். மிடில் அளவுக்குத் தன் சாதாரண மக்களை அறிந்த சிற்றூர் அந்தக் காலத்து இங்கிலாந்தில் வேறில்லை என்பது என் கருத்து.

ஒரு குடும்பத்துக்காகச் செய்வதை ஊர் முழுவதற்கும் செய்தால் என்ன ஆகும்? கேம்பிரிட்ஜில் 1964இல் தொடங்கிய மக்கள்தொகை வரலாற்றுக் குழு அதைச் செய்தது. டெவன் மாவட்டத்தின் கோலிட்டன் பங்கில் 1538 முதலே ஏடு இருக்கிறது. அந்தக் குழுவின் டோனி ரிக்லி அதிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கோத்து 1966இல் முடிவுகளை வெளியிட்டார். பெண்ணுக்குப் பன்னிரண்டு, ஆணுக்குப் பதினான்கு வயதில் திருமணம் செய்யச் சட்டம் இடம் கொடுத்த நாட்டில், கோலிட்டன் பெண்களின் சராசரி முதல் திருமண வயது இருபத்தேழு! 1645-46இல் கொள்ளைநோய் வந்துபோன பிறகு அது முப்பதை நெருங்கியது. கையில் காசு சேர்ந்து தனிக்குடித்தனம் வைக்க முடிந்தால்தான் கல்யாணம் என்பது கிராமத்து ஏழைகளின் கணக்காக இருந்தது. பிறகு 404 பங்குகளின் ஏடுகளை எண்ணி, ரிக்லியும் அதே குழுவின் ஸ்கோஃபீல்டும் 1981இல் இங்கிலாந்தின் மூன்று நூற்றாண்டு மக்கள்தொகை வரலாற்றை எழுதினார்கள். அந்த எண்ணிக்கையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாத உள்ளூர் ஆர்வலர்கள்.

இந்த ஏடுகளில் இல்லாதவர்களையும் சொல்லிவிட வேண்டும். அரசுத் திருச்சபையோடு ஒத்துப்போகாத பாப்டிஸ்டுகள், குவேக்கர்கள் தங்கள் பிள்ளைகளைப் பங்குக் கோயிலுக்குக் கொண்டுவரவில்லை. 1837க்குப் பிறகு அரசிடம் ஒப்படைக்கப்பட்ட அவர்களுடைய ஏடுகள் இன்று லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் தனியே உள்ளன. கத்தோலிக்கர்கள் மறைந்து வாழ்ந்தவர்கள். அவர்களுடைய பழைய பதிவுகள் குறைவு. பிறகு, பீட்டர். எக்டன் கல்லறைகளைத் தேய்த்துக் கழுவிய பீட்டர் ஃபிராங்க்ளினின் அடிமை. ஃபிராங்க்ளின் குடும்பத்தின் எழுத்து வெளியே தெரிய உழைத்த கைகள் அவருடையவை. அவருடைய தாத்தாவின் பெயரை எந்தக் கோயில் ஏடும் சொல்லாது. இங்கிலாந்துப் பங்கு ஏடுகளில் அவரைப் போன்றவர்கள் இங்கொருவர் அங்கொருவராக வருகிறார்கள்: ஒரு பெயர், இன்னார் வீட்டுக் கறுப்பு வேலைக்காரர் என்ற ஒரு வரி, அவ்வளவுதான். ஊர் இல்லை, தந்தை இல்லை. அந்த வரிகளை இன்று தேடித் தொகுத்துவருகிறார்கள். அது செய்ய வேண்டிய வேலை.

நமக்கும் இந்த ஏடுகளுக்கும் ஓர் உறவு உண்டு. ஷ்ராப்ஷயரில் மோர்ட்டன் சே என்ற பங்கில் 1725இல் பிறந்து, 1774இல் அந்த ஊர்க்கோயிலிலேயே பெயர்க்கல்லும் இல்லாமல் அடக்கமானவர் ராபர்ட் கிளைவ். அவருடைய திருமணத்தை ஷ்ராப்ஷயர் முழுவதும் தேடினாலும் காண முடியாது. அது 1753 பிப்ரவரி 18 அன்று சென்னைக் கோட்டையில் புனித மேரி ஆலயத்தில் நடந்தது. கிளைவுக்குப் புகழ் இருந்ததால் நமக்குத் தெரிகிறது. பெயர் தெரியாத ஊர்களிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கு வந்த எத்தனையோ வீரர்களின் கதை இதே மாதிரிப் பாதி அங்கும் பாதி இங்கும் கிடக்கிறது. அங்கே ஞானஸ்நானம் மட்டும் இருக்கும். இங்கே திருமணமும் பிள்ளைகளும் அடக்கமும் இருக்கும். அவர்களுக்கு வாழ்க்கைப்பட்ட நம் ஊர்ப் பெண்களின் பெயரைப் பல பதிவுகள் சொல்வதில்லை. சொன்னாலும் புதிதாக வைத்த கிறிஸ்தவப் பெயரோடு நிறுத்திக்கொள்ளும். சென்னை மாகாணத்துக் கோயில் பதிவுகளின் நகல்கள் 1698 முதல் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. 1948 வரையிலானவை பிரிட்டிஷ் நூலகத்தில் என்2 என்ற வரிசையில் இருக்கின்றன. இங்கிலாந்துப் பங்குகளின் ஏடுகளை அந்தந்த மாவட்ட ஆவணக் காப்பகங்களில் பார்க்கலாம். ஃபேமிலிசர்ச், ஃப்ரீரெக் என்ற இணையதளங்களில் காசில்லாமலே ஏராளமான பதிவுகளைத் தேடலாம். ஆனால் அட்டவணையில் பெயரைக் கண்டதோடு நிற்காதீர்கள். மூலப் பக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்த ஏடு, எந்தப் பக்கம் என்று உடனே குறித்து வையுங்கள்.

இந்த அவையில் பழைய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் இருக்கலாம். நூறாண்டு கடந்த கோயில்களில் பொறுப்பில் இருப்பவர்களும் இருக்கலாம். உங்கள் வீட்டு வேதாகமத்தின் முதல் தாளில் எழுதியுள்ள பெயர்களையும், உங்கள் கோயில் அலமாரியில் பொடிந்துகொண்டிருக்கும் ஞானஸ்நான ஏட்டையும் இந்த மாதமே படமெடுத்து, ஒரு பிரதியை ஊருக்கு வெளியே வேறொரு பாதுகாப்பான இடத்தில் சேர்த்துவையுங்கள். கல்லறைத் தோட்டத்துக் கற்களையும் மழை அரிப்பதற்குள் எழுதிக்கொள்ளுங்கள். தாயின் பெயர் விட்டுப்போன பதிவுகளில், அந்தப் பெயர் இன்னும் உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு நினைவிருந்தால், அதைத் தனித்தாளில் எழுதி, சொன்னவர் பெயரையும் தேதியையும் போட்டுப் பதிவோடு சேர்த்து வையுங்கள்.